கரையாத யுரேனியக் கனிமத்தை வெப்பவிரும்பி பாக்டீரியா எப்படி உருமாற்றுகிறது?

மண்ணியல்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கனிமவியலில் முதுகலை படிக்கிறேன். நுண்ணுயிரியலில் எனக்கு அடிப்படை அறிவு மட்டுமே உண்டு. வகுப்புக் கருத்தரங்கு ஒன்றுக்காக, வெப்பவிரும்பி பாக்டீரியாக்கள் யுரேனியக் கனிமங்களில் நிகழ்த்தும் வேதிமாற்றங்களைப் படித்துவருகிறேன். ஓரிடத்தில் நகர முடியாமல் நின்றுவிட்டேன்.

நீரில் கரைந்திருக்கும் யுரேனைல் அயனியைப் பாக்டீரியா ஒடுக்குவதும், அதாவது அதற்கு எலக்ட்ரான்களைத் தருவதும், ஆறு என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து நான்குக்கு இறங்கிய யுரேனியம் யுரேனினைட் என்ற ஆக்சைடுக் கனிமத்தின் துகள்களாக வீழ்படிவதும் எனக்குப் புரிகிறது. 1991ஆம் ஆண்டிலேயே டெரெக் லவ்லி குழுவினர் இதை நிறுவிவிட்டனர். ஆனால் 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தெர்மோடெர்ராபாக்டீரியம் ஃபெர்ரிரெடுசென்ஸ் என்னும் வெப்பவிரும்பி, ஏறக்குறைய கரையாத யுரேனைல் பாஸ்பேட் கனிமமான யுராம்ஃபைட்டைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி வளர்ந்ததாகவும், முடிவில் குடுவையில் நிங்யோயைட் என்ற வேறொரு கனிமம் இருந்ததாகவும் படித்தேன். திடப்பொருள் செல்லுக்குள் நுழைய முடியாது. அப்படியிருக்க இந்த வினை எங்கே நடக்கிறது? எல்லாப் பாடநூல்களும் சொல்லும் யுரேனினைட் உருவாகாமல் நிங்யோயைட் உருவானது ஏன்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இந்தத் தலைப்பை அறிவித்ததுமே, பாக்டீரியா யுரேனியத்தைத் தின்று கதிரியக்கத்தைக் குறைத்துவிடுமா என்று வகுப்பில் பலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பிழையில்லாமல் ஒரு பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

காற்றில்லாக்_குடுவை எழுதியது:

வணக்கம். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பாக்டீரியா எதைச் செய்தாலும் யுரேனியத்தின் கதிரியக்கம் சிறிதும் குறையாது. யுரேனியம் 238இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். அது அணுக்கருவின் பண்பு. உயிரினம் தொடுவது அணுக்கருவுக்கு வெளியே உள்ள எலக்ட்ரான்களை மட்டுமே. "தின்கிறது" என்பதும் பொருந்தாத சொல். நாம் உணவை உண்கிறோம், ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம் அல்லவா? இங்கே உணவு ஒரு கரிமச் சேர்மம் அல்லது ஹைட்ரஜன்; ஆக்சிஜனின் இடத்தில் இருப்பதுதான் யுரேனியம். உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி வேண்டும். காற்றில்லாத இடத்தில் அந்த வேலையை இரும்பு, மாங்கனீசு, கந்தகம், சில வேளைகளில் யுரேனியம் செய்கின்றன.

இனி உங்கள் முதல் கேள்வி. நான் யுரேனியத்தோடு நேரடியாக வேலை செய்தவன் அல்லன்; இரும்பைச் சுவாசிக்கும் வெப்பவிரும்பிகளைப் பல ஆண்டுகள் வளர்த்திருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட உயிரினமும் அடிப்படையில் இரும்பைச் சுவாசிப்பதுதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1997இல் விவரிக்கப்பட்டது. 65 டிகிரி செல்சியஸில் மிக நன்றாக வளரும். பின்னாளில் வகைப்பாடு திருத்தப்பட்டு கார்பாக்சிடோதெர்மஸ் ஃபெர்ரிரெடுசென்ஸ் என்று பெயர் மாறியது. இலக்கியம் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள், இல்லையேல் பாதி கட்டுரைகள் கண்ணில் படாமல் போகும்.

இரும்பில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். தடித்த கண்ணாடிக் குடுவையில் ஊடகத்தை ஊற்றி, நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, ரப்பர் அடைப்பானை அழுத்தி, அதன் மேல் அலுமினிய மூடியை நெரித்து இறுக்குகிறோம். ரெசாசுரின் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு நிறமே இல்லாமல் போனால்தான் உள்ளே ஆக்சிஜன் இல்லை என்று நம்புவோம். அடியில் செங்கல் நிறத்தில் ஃபெர்ரிஹைட்ரைட் என்ற துரு வண்டல் தங்கியிருக்கும். பாக்டீரியாவை ஊசி வழியே செலுத்தி 65 டிகிரியில் வைத்துவிட்டால், சில நாட்களில் அந்த வண்டல் ஓரங்களில் கருக்கத் தொடங்கி, பிறகு முழுவதும் கருப்பாகிவிடும். அப்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால், கருப்புத் துகள்கள் எல்லாம் அந்தப் பக்கமாக நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். துருவாகப் போட்டது காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டாக மாறிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஒரு துகள்கூடச் செல்லுக்குள் நுழையவில்லை. எலக்ட்ரான்தான் வெளியே வந்தது.

எலக்ட்ரான் எப்படி வெளியே வருகிறது என்பதற்குப் பாடநூல்கள் தரும் படம், வெளிச்சவ்வு உடைய ஷிவானெல்லா, ஜியோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்களைக் கொண்டு வரையப்பட்டது: உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வு வரை சைட்டோகுரோம் புரதங்கள் தொடராக நின்று எலக்ட்ரானைக் கைமாற்றுகின்றன. நம் வெப்பவிரும்பி கிராம் நேர் வகையைச் சேர்ந்தது. அதற்கு வெளிச்சவ்வு கிடையாது. எனவே அந்தப் படத்தை இதற்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். இதன் செல் மேற்பரப்பிலேயே, ஒவ்வொன்றும் எலக்ட்ரானை ஏந்தும் பல ஹீம் தொகுதிகளைத் தாங்கிய சி-வகை சைட்டோகுரோம்கள் இருக்கின்றன. கனிமத்தைத் தொட்டு எலக்ட்ரானைத் தருவதற்கு அவை போதும்.

ஆனால் யுரேனியத்தில், நேரடித் தொடுதல் மட்டுமே வழி என்று நான் முடிவு கட்ட மாட்டேன். ஏறக்குறைய கரையாத கனிமம் என்றால் கொஞ்சம் கரையும் என்றுதான் பொருள். கரைந்திருக்கும் அந்தச் சிறு பங்கைப் பாக்டீரியா ஒடுக்கி அகற்ற அகற்ற, சமநிலையை ஈடுகட்டத் திடக் கனிமம் மேலும் கரைந்துகொண்டே இருக்கும். கரைதிறன் குறைவாக இருந்தது இங்கே உயிரினத்துக்கு நன்மையாகவும் அமைந்திருக்கும் என்பது என் கருத்து. கரைந்த யுரேனைல் நச்சுத்தன்மை உடையது. பாஸ்பேட் அதைப் பூட்டிவைத்துச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்ததால், நச்சு எந்த வேளையிலும் எல்லை மீறாமல், சுவாசத்துக்கும் குறைவில்லாமல் இருந்திருக்கும்.

படிகப்பிரியன் எழுதியது:

மேலே நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கரைந்து, ஒடுங்கி, மீண்டும் படிவது என்ற வழியைக் கனிமங்களின் வாய்பாடுகளே ஆதரிக்கின்றன. தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யுராம்ஃபைட்டில் ஒரு யுரேனியத்துக்கு ஒரு பாஸ்பேட், ஒரு அம்மோனியம், மூன்று நீர் மூலக்கூறுகள். நிங்யோயைட்டில் ஒரு யுரேனியத்துக்கு இரண்டு பாஸ்பேட், ஒரு கால்சியம். அம்மோனியம் முழுவதும் போய்விட்டது, கால்சியம் வெளியிலிருந்து வந்திருக்கிறது, பாஸ்பேட் இரட்டிப்பாகியிருக்கிறது. பழைய படிகம் தன் கட்டமைப்பை வைத்துக்கொண்டு எலக்ட்ரானை மட்டும் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது.

கட்டமைப்பைப் பார்த்தாலும் அப்படித்தான். யுராம்ஃபைட் ஆட்டுனைட் வகை அடுக்குக் கனிமம்: யுரேனைலும் பாஸ்பேட்டும் பின்னிய தகடுகள், அவற்றுக்கு இடையில் அம்மோனியமும் நீரும். யுரேனைல் என்பது நடுவில் யுரேனியமும் இருபுறமும் ஒவ்வோர் ஆக்சிஜனுமாக நேர்கோட்டில் நிற்கும் அமைப்பு. அந்த இரு பிணைப்புகளும் மிக வலுவானவை. யுரேனியம் நான்கு என்ற நிலைக்கு இறங்க வேண்டுமானால், இரண்டு எலக்ட்ரான்களோடு நான்கு புரோட்டான்களும் வந்து, அந்த இரு ஆக்சிஜன்களும் நீராக வெளியேற வேண்டும். கூரையைத் தாங்கும் தூணை உருவிய பிறகு வீடு அப்படியே நிற்காது. தகடுகள் குலைந்தே தீரும். இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றாக வருவதும் கட்டாயம் இல்லை. ஜியோபாக்டர் சல்ஃபர்ரெடுசென்ஸில் நடந்த ஆய்வொன்று, முதலில் ஓர் எலக்ட்ரான் ஏறி நிலையற்ற ஐந்து என்ற நிலை உருவாகிறது என்றும், பிறகு அத்தகைய இரண்டு அயனிகள் தமக்குள் எலக்ட்ரானைப் பங்கிட்டு ஒன்று நான்காகவும் மற்றொன்று மறுபடி ஆறாகவும் பிரிகின்றன என்றும் காட்டியது. வெப்பவிரும்பிகளிலும் அதே வழிதான் என்று இதை வைத்து நாம் சொல்லிவிடக் கூடாது.

யுரேனினைட் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். பாக்டீரியா செய்வது ஒடுக்கம் மட்டுமே. எந்தக் கனிமம் படிய வேண்டும் என்பதைச் சுற்றியுள்ள நீர் தீர்மானிக்கிறது. நான்கு நிலை யுரேனியத்துக்குப் பாஸ்பேட் மேல் பெரும் நாட்டம் உண்டு. ஊடகத்தில் பாஸ்பேட்டும் கால்சியமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது ஆக்சைடாகப் படியக் காத்திருக்காது. இவை குறைந்த நீரில் அதே உயிரினமே யுரேனினைட்டைத் தந்திருக்கக்கூடும். ஆகவே கருத்தரங்கில் "இந்தப் பாக்டீரியா நிங்யோயைட்டை உண்டாக்குகிறது" என்று சொல்லாமல், "இந்தப் பாக்டீரியா ஒடுக்கிய யுரேனியம், இந்த ஊடகத்தில், நிங்யோயைட்டாகப் படிந்தது" என்று சொல்லுங்கள். வாக்கியம் நீளம்தான், ஆனால் உண்மை அதில்தான் இருக்கிறது.

நிங்யோயைட் ஆய்வகத்தில் பிறந்த பொருள் அன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஒகாயாமா, டொட்டோரி ஆகிய மாநிலங்களின் எல்லையில் உள்ள நிங்யோ கணவாயில்தான் அது முதலில் கண்டறியப்பட்டு, 1959இல் புதிய கனிமமாக விவரிக்கப்பட்டது. நிங்யோ என்றால் ஜப்பானிய மொழியில் பொம்மை. அங்கே அது படிவுப் பாறைகளின் ஆக்சிஜனேறாத பகுதியில் நுண்ணிய படிகங்களாகக் கிடைக்கிறது. அப்பகுதியின் கனிமமும் நுண்ணுயிரியின் வேலையா என்பது தனியாக ஆராய வேண்டியது. ஒரே பெயர் என்பதால் ஒரே பிறப்பு என்று எழுதிவிட வேண்டாம்.

மண்ணியல்_மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாஸ்பேட் கணக்கை நான் எழுதியே பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகு எழுதிப் பார்த்ததும், இரண்டு நாட்களாகத் தெளியாதது ஒரு நொடியில் தெளிந்தது. அடுத்து ஓர் ஐயம் எழுகிறது. இதையெல்லாம் சாதாரண வெப்பநிலையில் வாழும் ஜியோபாக்டரும் செய்கிறது என்றால், வெப்பவிரும்பிகளைத் தனியாகப் படிப்பதற்கு என்ன காரணம்? வெப்பத்தில் வினை வேகமாக நடக்கும் என்பது மட்டும்தானா?

வெந்நீர்_ஊற்று எழுதியது:

வேகம் ஒரு சிறு பகுதிதான், அம்மா. யுரேனியமும் வெப்பமும் சேர்ந்திருக்கும் இடங்கள் பூமியில் பல உண்டு என்பதே முதன்மைக் காரணம்: ஆழமான பாறைகள், வெந்நீர் பாயும் பிளவுகள், தானாகவே கனன்று எரியும் சுரங்கக் கழிவுக் குவியல்கள். அங்கே ஜியோபாக்டரின் பெரும்பாலான உறவினர்கள் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் 3.2 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் கிடைத்த தெர்மஸ் ஸ்காட்டோடக்டஸ் எஸ்ஏ-01 நல்ல எடுத்துக்காட்டு. 1999இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி அது 65 டிகிரியில் சிறப்பாக வளர்கிறது. ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு ஆகியவற்றைச் சுவாசிப்பதோடு ஆறு நிலை யுரேனியத்தையும் குரோமியத்தையும் ஒடுக்குகிறது. அந்நாட்டின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதித் தங்கத் தாதுவிலேயே யுரேனினைட் மணிகள் கலந்திருக்கின்றன என்பதை நீங்கள் கனிமவியலில் படித்திருப்பீர்கள். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெருகுவதற்கு முன்பு ஓடிய ஆறுகள் அந்த மணிகளைக் கரைக்காமல் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தவை அவை. இன்று அதே ஆறு ஓடினால் அவை வழியிலேயே கரைந்துபோயிருக்கும்.

ஒரு திருத்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "வெப்பவிரும்பி பாக்டீரியா" என்ற தலைப்பின்கீழ் பல கட்டுரைகள் ஆர்க்கியாக்களையும் (பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனிப் பிரிவான நுண்ணுயிர்கள்) சேர்த்துவிடுகின்றன. 2000ஆம் ஆண்டில் கஷெஃபியும் லவ்லியும், பைரோபாகுலம் ஐலாண்டிகம் 100 டிகிரியில், ஹைட்ரஜனை எலக்ட்ரான் வழங்கியாகக் கொண்டு, யுரேனியத்தை யுரேனினைட்டாக ஒடுக்குவதைக் காட்டினார்கள். அது ஆர்க்கியா, பாக்டீரியா அன்று. கருத்தரங்கில் இருவகையையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. இங்கே எல்லோரும் ஒடுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெப்பவிரும்பிகள் எதிர்த்திசையிலும் வேலை செய்கின்றன. அமிலத்தையும் வெப்பத்தையும் ஒருசேர விரும்பும் மெட்டலோஸ்ஃபேரா என்ற ஆர்க்கியாவின் இரண்டு இனங்களை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வை அவசியம் படியுங்கள். மெட்டலோஸ்ஃபேரா செடுலா, இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகேயுள்ள எரிமலைப் பகுதியிலிருந்து வந்தது. மெட்டலோஸ்ஃபேரா புரூனே, ஜெர்மனியின் துரிங்கியாவில் யுரேனியச் சுரங்கத்தின் கனன்றுகொண்டிருந்த குவியலிலிருந்து வந்தது. இரண்டின் மரபணுத் தொகுதிகளும் 99.99 விழுக்காடு ஒத்தவை. ஆனால் டிரையுரேனியம் ஆக்டாக்சைடு என்ற திடமான யுரேனிய ஆக்சைடைக் கொடுத்தால், செடுலா அதை விரைவாக ஆக்சிஜனேற்றிக் கரைத்து, அதிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. முன்பு சொன்னதற்கு நேர் எதிராக, இங்கே யுரேனியமே உணவின் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தான் கரைத்த யுரேனியத்தின் நச்சை அதனால் தாங்க முடிவதில்லை. யுரேனியத்தோடு வாழ்ந்து பழகிய புரூனேயோ கனிமத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கரைப்பதே இல்லை. கரைந்த யுரேனியம் திடீரெனத் தாக்கினால் 15 நிமிடங்களுக்குள் தன் ஆர்என்ஏவின் பெரும்பகுதியை உடைத்து, செல்லின் பணிகளை நிறுத்திவிடுகிறது. 60 நிமிடங்களில் ஆர்என்ஏ மீண்டுவிட, உலோக நச்சை எதிர்க்கும் வழக்கமான வழிகள் செயல்படத் தொடங்குகின்றன. எத்தனையோ ஆண்டுகளாக இத்துறைக் கட்டுரைகளைப் படித்துவருகிறேன். ஓர் உயிரினம் தன்னைத் தானே அணைத்துவைத்துப் பிழைக்கும் இந்த விவரத்தைப் போல என்னை உலுக்கியது வேறில்லை.

நிலத்தடி_நீர் எழுதியது:

மேலே ஓரிடத்தில் பாஸ்பேட் யுரேனியத்தைப் "பூட்டிவைத்தது" என்ற சொல் வந்திருக்கிறது. அந்தச் சொல் குறித்து எனக்குச் சற்று அச்சம் உண்டு. ஏனெனில் இதே சொல்லை நான்கு நிலை யுரேனியத்துக்கும் பயன்படுத்தி, ஒடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு நிலை யுரேனியம் கரைவது மிகக் குறைவு; அதுவரை உண்மை. ஆனால் நுண்ணுயிரிகள் தரும் யுரேனினைட் பெரும்பாலும் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகவே இருக்கும். ஆக்சிஜனோ நைட்ரேட்டோ கலந்த நீர் வந்து சேர்ந்தால் அது மீண்டும் ஆறு நிலைக்கு ஏறிக் கரைந்துவிடும். கார்பனேட்டும் கால்சியமும் மிகுந்த நீரில், கரைந்த யுரேனைல் அவற்றோடு சேர்ந்து நிலையான அணைவுச் சேர்மமாகிவிடுவதால், அதை மறுபடி ஒடுக்குவதும் பாக்டீரியாவுக்குக் கடினம். கவனியுங்கள்: பாஸ்பேட்டோடு சேர்ந்தால் நிங்யோயைட்டாகப் படியவைக்கும் அதே கால்சியம், கார்பனேட்டோடு சேர்ந்தால் யுரேனியத்தைக் கரைசலிலேயே பிடித்து வைத்துவிடுகிறது. நீரின் பகுப்பாய்வு அட்டவணை இல்லாமல் இத்துறையில் யாரும் முன்கணிப்புச் செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். தவிர, ஒடுங்கிய யுரேனியம் முழுவதும் படிகமாகவும் இருப்பதில்லை. செல்களின் பாஸ்பேட் தொகுதிகளில் தனித்தனி அணுக்களாக ஒட்டிய படிகமற்ற வடிவமும் உண்டு, அது யுரேனினைட்டைவிட எளிதில் பெயர்ந்துவிடும்.

வெப்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அணுக்கழிவை ஆழ்நிலத்தில் புதைக்கும் திட்டங்களில் கழிவே பல காலம் வெப்பத்தை வெளியிடும். சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடிவமைப்பில், கழிவை அடைத்த கலத்தைச் சுற்றியுள்ள பென்டோனைட் களிமண் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அதாவது, 65 டிகிரியில் செழிக்கும் உயிரினங்களுக்கு உகந்த வெப்பநிலை அங்கே நெடுங்காலம் நிலவும். அழுத்திச் செறித்த பென்டோனைட்டில் நுண்ணுயிரிகள் வளர இடமும் நீரும் போதாது என்பதால் நிலைமை அத்தனை எளிதன்று. ஆயினும் சுற்றியுள்ள பாறைப் பிளவுகளில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்தத் திசையில் எலக்ட்ரானை நகர்த்துவார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

மண்ணியல்_மாணவி எழுதியது:

எல்லோருடைய விளக்கங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கருத்தரங்கின் அமைப்பை மாற்றிக்கொண்டேன்: முதலில் எலக்ட்ரான், பிறகு நீரின் வேதியியல், அதன் பிறகே கனிமத்தின் பெயர். மெட்டலோஸ்ஃபேரா இணையை எதிர்த்திசைக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறேன். ஒன்றே ஒன்று பாக்கி. மாற்றத்தைச் செய்தது பாக்டீரியாதான், 65 டிகிரி வெப்பம் அன்று என்பதற்குச் சான்று என்ன என்று அவையில் யாரேனும் கேட்டால் எதைக் காட்டுவது?

காற்றில்லாக்_குடுவை எழுதியது:

ஒப்பீட்டுக் குடுவைகளைக் காட்டுங்கள். எல்லாம் ஒரே ஊடகம், ஒரே 65 டிகிரி. ஒன்றில் உயிருள்ள செல்கள். ஒன்றில் கொல்லப்பட்ட செல்கள். ஒன்றில் செல்களே இல்லை. ஒன்றில் செல்கள் உண்டு, எலக்ட்ரான் வழங்கி இல்லை. முதல் குடுவையில் மட்டும் செல்களின் எண்ணிக்கையும் நான்கு நிலை யுரேனியத்தின் அளவும் சேர்ந்து உயர்ந்தால்தான் வாதம் நிற்கும். ஊடகத்தில் சல்ஃபைடோ இரண்டு நிலை இரும்போ இருந்தால், பாக்டீரியா இல்லாமலேயே அவை யுரேனியத்தை ஒடுக்கக்கூடும்; எனவே நீங்கள் மேற்கோள் காட்டும் ஒவ்வோர் ஆய்விலும் ஊடகத்தின் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு மேடையேறுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். யுரேனைல் கனிமங்கள் பல புற ஊதா விளக்கின்கீழ் பச்சையாக ஒளிரும், ஒடுங்கினால் அந்த ஒளி அணையும் என்பது மெய்தான். ஆனால் இரும்பு கலந்திருந்தாலும் அது அணைந்துவிடும். 2005 ஆய்வில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, எக்ஸ் கதிர் உட்கவர்தல் என்ற இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு: முன்னது எந்தக் கனிமம் என்பதைச் சொல்லும், பின்னது யுரேனியம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். அந்த இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.